அண்ணனுக்கு நான் நிரப்பிய படிவம்

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அருப்புக்கோட்டையில் குடியிருந்துகொண்டு பந்தல்குடி, திருச்சுழி, நரிக்குடி, பரளச்சி என்று இந்த வட்டாரம் முழுக்க அலைந்து மெடிக்ளைம் பாலிசி பிடித்துப் பிழைக்கிறவன். பாலிசிக்கான விண்ணப்பப் படிவத்தில் ‘மது அருந்தும் பழக்கம் உண்டா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். பல வருடமாக அதற்கு ‘இல்லை’ என்றுதான் டிக் அடித்து வந்தேன். கேட்காமலே அடித்தேன். குடிக்கிறவர் என்று நன்றாகத் தெரிந்த ஆளுக்கும் அடித்தேன். அப்படி அடித்ததில் ஒன்று என் பெரியப்பா மகனுடையது. அவர் இன்றைக்கு, காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மதியத்தில் நினைவுபடுத்திச் சொல்ல முடியாத மனிதராக வீட்டில் இருக்கிறார். அதில் என் பங்கு என்ன என்பதை உள்ளபடி எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கரிசல் பக்கம் கையில் காசு நடமாடுவது தை, மாசியில். மல்லி, பருத்தி, மிளகாய் எல்லாம் வீடு வந்து, கமிஷன் கடையில் எடை போட்டு, வாங்கின கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கும் நேரம். மழை பொய்த்த வருடத்தில் அதுவும் இருக்காது. சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி விற்ற காசுதான். டவுனில் தறிக்காரர்களுக்கும் மில்லுக்குப் போகிறவர்களுக்கும் வாராவாரம், மாதாமாதம் கொஞ்சம் வரும். இந்தப் பணத்திலிருந்து ஒரு குடும்பத்தை வருடத்துக்கு இவ்வளவு ஆயிரம் பிரீமியம் கட்ட வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒருவழியாகச் சம்மதித்து உட்கார்ந்த பிறகு, ‘குடிப்பழக்கம் உண்டு’ என்று எழுதினால் கம்பெனி ரத்தப் பரிசோதனை கேட்கும், பிரீமியத்தை ஏற்றும், சில சமயம் பாலிசியே தர மாட்டேன் என்று சொல்லிவிடும். அந்த வீடு அடுத்த ஏஜென்டிடம் போகும். அவர் ‘இல்லை’ என்று போட்டு முடித்துவிடுவார். பெண்களும் பக்கத்தில் வந்து நின்று, “அந்த மனுசன் குடிக்கிறத எல்லாம் எழுதாதீங்க தம்பி, நாளைக்கு நாலு பேரு பாக்குற காயிதம்” என்பார்கள். நான் சரி என்பேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஏஜென்ட் உரிமம் வாங்க ஐ.சி. 38 என்று ஒரு தேர்வு எழுத வேண்டும். பாலிசி எடுக்கிறவருக்கு உடம்புக்கு ஆகாத பழக்கம் ஏதாவது இருந்தால் அதைக் கம்பெனிக்குத் தெரிவிப்பது ஏஜென்டின் கடமை என்று அதில் படித்துத்தான் தேறினேன். படிவத்தோடு ஏஜென்ட் தன் பங்குக்குத் தரும் அறிக்கை ஒன்றும் உண்டு. அதிலும் என் கையெழுத்துதான் இருக்கிறது.

அண்ணனுக்கு டவுனில் ஒரு ஷெட்டில் சொந்தமாக விசைத்தறிகள் ஓடின. சேலைத் தறி. நல்ல வேலைக்காரர். தறி ஓடும் சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் இழை அறுந்திருக்கிறது என்று ஷெட்டின் இன்னொரு மூலையிலிருந்து சொல்வார். சனிக்கிழமை கூலி போட்ட பிறகு கூட்டாளிகளோடு குடிக்கத் தொடங்கியவர், நூல் விலை ஏறித் தொழில் படுத்த வருடங்களில் தினமும் என்றானார். நான் பாலிசி போட்ட சமயத்தில் அது காலைக் குடியாக மாறியிருந்தது. எழுந்தவுடன் கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் அறுந்த இழையை முடிச்சுப் போட விரல் நிற்கும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முந்தின இரவே வாங்கி ஷெட்டில் பாவு உருளைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார். இதையெல்லாம் பார்த்தவன் நான். பார்த்துவிட்டு, அதே ஷெட்டில் உட்கார்ந்து, அதே கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். அவர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தம்பி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

மதினி சும்மா இருக்கவில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கயிறு கட்டிவிட்டார். ஐயப்பனுக்கு மாலை போட வைத்தார், மாலை கழற்றும் வரைக்கும் அண்ணன் தொடவில்லை. யாரோ சொன்னார்கள் என்று சோற்றில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றைக்கூட வாங்கிவந்தார். அந்தப் பொடி என்னவென்று அவருக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரிந்திருக்காது. இதெல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தார். “தம்பி, வருசாவருசம் இம்புட்டுப் பணம் கட்டுறமே, அந்தக் கார்டுல இவருக்குக் குடிய நிப்பாட்ட வைத்தியம் பாக்க முடியுமா?”

அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று உண்டு. “கார்டில் முடியாது மதினி. ஆனால் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இதற்கு வைத்தியம் இருக்கிறது. காசு கேட்க மாட்டார்கள். நாளைக்கே கூட்டிப் போவோம்.” அருப்புக்கோட்டையிலிருந்து நாலுவழிச் சாலையில் ஒரு மணி நேரப் பயணம். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அங்கே போனால் ஊருக்குள் ‘கிறுக்காஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்’ என்று பேச்சு வரும் என்று நினைத்தேன். அதோடு, குடிக்கு வைத்தியம் பார்த்த சீட்டு ஒன்று உருவானால் பாலிசியில் நான் எழுதியது பொய் என்று வெளிப்பட்டுவிடும். மதினி கேட்ட கணத்தில் என் மனசில் முதலில் வந்தது அதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் சொன்னது இது: “குடிக்கு இன்சூரன்ஸ் வராது மதினி. அண்ணனுக்குத்தான் வயித்து வலி இருக்கே, வாந்தி இருக்கே. வயித்துக் கோளாறுன்னு சேப்போம். உள்ள படுத்துட்டா நாலஞ்சு நாள் குடிக்க முடியாது. அதுலயே நின்னுரும். குடியப் பத்தி மட்டும் யாரும் வாயத் திறக்கக் கூடாது.” மதினியிடம் மட்டும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகனையும் கூப்பிட்டு, “நர்ஸ் கேட்டாலும் அப்பா குடிக்க மாட்டாருன்னுதான் சொல்லணும், சரியா?” என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, நாங்கள் சொன்னதை வைத்துத்தான் அவர்கள் பார்த்தார்கள். இரைப்பை அழற்சி என்று எழுதி அனுப்பியதும் கேஷ்லெஸ் அனுமதி வந்தது. போனில் அந்தச் செய்தியைப் பார்த்து மதினியிடம் நான் காட்டியது நினைவிருக்கிறது. பெருமையாகக் காட்டினேன். வாந்தியில் துவண்டிருந்த மனிதருக்கு குளுக்கோஸ் ஏற்றினார்கள், வயிற்றுக்கு ஊசி போட்டார்கள். முதல் நாள் இரவே கை நடுங்கத் தொடங்கியது, வியர்த்துக் கொட்டியது. மறுநாள் டூட்டி டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “சார், இவருக்கு ஆல்கஹால் ஹிஸ்டரி ஏதாவது இருக்கா? எதுவானாலும் சொல்லுங்க, ட்ரீட்மென்ட் மாறும்” என்றார்.

இவ்வளவு தெளிவாக ஒரு மனிதர் கேட்டார். ட்ரீட்மென்ட் மாறும் என்று காரணத்தையும் சொன்னார். நான், “இல்ல டாக்டர், விசேசம்னா எப்பவாவது கொஞ்சம். மத்தபடி ஒண்ணும் இல்ல” என்றேன். படிவத்தில் டிக் அடித்ததைக்கூட ஊர் வழக்கம், தொழில் போட்டி என்று சொல்லி யாராவது மன்னிக்கலாம். வராந்தாவில் நின்று நான் சொன்ன அந்தப் பொய்க்கு அப்படி எந்தப் பெயரும் கிடையாது. உள்ளே படுத்திருந்தவர் என் அண்ணன். கேட்டவர் அவரைக் காப்பாற்றக் கேட்டார். நான் ஒரு பாலிசியைக் காப்பாற்றினேன்.

மூன்றாம் நாள் இரவு நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணன் எழுந்து உட்கார்ந்து படுக்கை விரிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அதில் எதையோ தேடி, இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, வெறும் காற்றில் முடிச்சுப் போட்டார். மறுபடி தடவினார், மறுபடி முடிச்சு. அறுந்த இழையைச் சேர்க்கும் அதே விரல் வேகம். “மோட்டார நிப்பாட்டுறா, பாவு பூரா அறுந்து போச்சு” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் யாரென்று தெரியவில்லை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று ஒதுங்கினார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்தது. வெட்டி வெட்டி இழுத்துக் கட்டிலிலிருந்து கீழே விழுந்தார். விடிவதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள்.

பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். மதினி என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பையன்தான் முன்னால் வந்தான். “டெய்லி குடிப்பாங்க சார். காலைலயே குடிப்பாங்க. ஆஸ்பத்திரில சேத்த அன்னையிலேருந்து குடிக்கல” என்றான். டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. உடனே ஊசிகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

என்ன நடந்தது என்பதை வார்டில் ஒரு மனநல மருத்துவர் பின்னால் பொறுமையாக விளக்கினார். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு, திடீரென்று குடி நின்றால் தாங்காது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணில் தெரியும். அந்தக் கட்டத்தில் தாங்கள் நாள் முழுக்கச் செய்கிற வேலையையே கையால் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டாம். உயிரே போகக்கூடிய நிலை இது. முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்கிவிட முடியும். இரண்டாவது விஷயம், தயமின். வைட்டமின் பி1. குடிக்கிறவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டாலும் குடியால் அந்தச் சத்து உடம்பில் சேராது. குளுக்கோஸ் செலவாவதற்கு தயமின் வேண்டும். ஏற்கெனவே வற்றிப்போன உடம்பில் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளை அடிபடும். அதனால்தான் குடிக்கிற நோயாளி என்று தெரிந்தால் தயமின் ஊசியை முதலில் போடுவார்கள்.

“முன்னாடியே தெரிஞ்சிருந்தா முழுக்கத் தடுத்திருக்கலாமா டாக்டர்?” என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு அதிகம் இருந்தது என்றார். அந்த வாய்ப்பைப் பறித்தவன் நான்.

அண்ணன் பிழைத்தார். நடக்கிறார், சாப்பிடுகிறார், குடிப்பதில்லை. பழைய விஷயங்கள் எல்லாம் நினைவிருக்கின்றன, முதல் தறி வாங்கின கடை உட்பட. புதிதாக எதுவும் மனசில் தங்குவதில்லை. நேற்று எங்கே போனீர்கள் என்று கேட்டால், “விருதுநகர் போய் நூல் எடுத்துட்டு வந்தேன்” என்பார். அவர் வீட்டை விட்டே வெளியே போயிருக்க மாட்டார். பொய் சொல்கிறார் என்று நினைக்கக் கூடாது, நினைவு இல்லாத இடத்தை மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது என்று டாக்டர் சொன்னார்.

பணமும் வரவில்லை. மதுரைக்கு அனுப்பிய முதல் மருத்துவமனையின் தாளில் மது நிறுத்தத்தால் வந்ததாக இருக்கலாம் என்ற குறிப்பு இருந்தது. கம்பெனி விசாரணைக்கு ஆள் அனுப்பியது. பெரியாஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டில் பையன் சொன்னது அப்படியே எழுதியிருந்தது. உண்மையை மறைத்துப் பாலிசி எடுத்ததாகச் சொல்லி க்ளெய்மை மறுத்து, பாலிசியையும் ரத்து செய்து கடிதம் வந்தது. முதல் மருத்துவமனையின் பில்லுக்கு மதினி நகையை அடகு வைத்தார், பிறகு இரண்டு தறிகளை விற்றார். அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து, “நீங்கதான தம்பி எழுதுனீங்க?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

சட்டத்தை அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. அதே சட்டம் மனநோய் என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளும் அடக்கம். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட விலக்குப் பட்டியலில் 12ஆவது, குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அவற்றின் விளைவுகளும். கம்பெனிகள் அந்தப் பன்னிரண்டைத்தான் பிடித்துக்கொள்கின்றன. விளைவுகளும் என்ற ஒரு சொல்லுக்குள் கல்லீரல், கணையம் எல்லாவற்றையும் அடக்கிவிடுகின்றன. சட்டம் கொடுத்ததை விதி எடுத்துக்கொள்கிறது. இது மாற வேண்டும் என்பது என் கருத்து.

ஜெர்மனியில் குடிநோயும் நோய்தான் என்று அந்நாட்டின் சமூக நீதிமன்றம் 1968இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதிலிருந்து அங்கே காப்பீட்டு நிதி அதற்குச் செலவு செய்கிறது. அமெரிக்கா 2008இல் ஒரு சட்டம் போட்டு, போதைச் சிகிச்சைக்கு இடம் தரும் பாலிசிகள் அதை மற்ற நோய்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்றது. இங்கே தமிழ்நாட்டில் 2003இலிருந்து சில்லறை மது விற்பனை முழுவதும் அரசின் கையில். 2023-24இல் டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்கிற இடத்தில் ரசீது உண்டு, நோயான பிறகு கார்டில் இடமில்லை என்பது எந்த நியாயம்? எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை 2019இல் வந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெறுகிறார், 180 பேருக்கு ஒருவர்தான் உள்நோயாளியாகச் சிகிச்சை பெறுகிறார் என்று அதில் இருக்கிறது. மிச்சப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று என்னைப் போன்ற ஏஜென்டுகளுக்குத் தெரியும். எங்கள் படிவங்களில் குடிக்காதவர்களாக இருக்கிறார்கள்.

இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதைக் காட்டி என் தவறை மூட முடியாது. 12ஆம் விலக்கு இல்லாமல் போனாலும், மறைத்து எடுத்த பாலிசி மறைத்து எடுத்ததுதான். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கை எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் படிக்க வேண்டும். அரியானாவைச் சேர்ந்த ஒருவர் நீண்ட காலக் குடிப்பழக்கத்தை மறைத்து எல்.ஐ.சி.யின் மருத்துவ பாலிசி எடுத்தார். அடுத்த வருடமே வயிற்று வலி, வாந்தி என்று மருத்துவமனையில் சேர்ந்து இறந்துபோனார். கீழ் மன்றங்கள் மனைவிக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தும், மறைத்தது மறைத்ததுதான், கம்பெனி மறுத்தது சரி என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே கொடுத்துவிட்ட தொகையை அந்தப் பெண்ணிடமிருந்து திரும்ப வாங்க வேண்டாம் என்று இரக்கம் காட்டியதோடு சரி. வயிற்று வலி, வாந்தி. வாசித்தபோது எனக்கு அண்ணனைச் சேர்த்த நாள்தான் கண்ணில் நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடர்ந்து 5 வருடம் கட்டிவிட்ட பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்த காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது என்று 2024இல் விதி வந்தது. அதற்கு முன்னால் 8 வருடம். இந்த விதி பாலிசிதாரரின் நன்மைக்கு வந்தது. நான் அதை விற்பனைப் பேச்சாக்கினேன். “அஞ்சு வருசம் ஓட்டிட்டா யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுண்ணே” என்று சொல்லிப் பாலிசி பிடித்தேன். குடிக்கிறவரின் கல்லீரல் அந்த 5 வருடத்துக்குக் காத்திருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அண்ணன் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நான் பழைய படிவங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பொய் எழுதியது நான்தான், கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துத் திருத்துவோம் என்று சொன்னேன். சிலருக்குக் கம்பெனி பிரீமியத்தை ஏற்றித் தொடர்ந்தது. சிலருடைய பாலிசி ரத்தானது, அவர்கள் என்னைச் சும்மா விடவில்லை, விடவும் கூடாது. “இத்தன நாள் இல்லாத யோக்கியம் இப்ப எதுக்கு?” என்று திருச்சுழிப் பக்கம் ஒரு பெரியவர் கேட்டுக் கதவைச் சாத்தினார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. போகாமல் விட்ட வீடுகளும் உண்டு. சில இடத்தில் ஆள் இல்லை, சில இடத்தில் எனக்குத் துணிச்சல் இல்லை. இன்னும் போக வேண்டும்.

மதினி கேட்ட நாளிலேயே நான் சொல்லியிருக்கக்கூடிய வழிகள் எத்தனை இருந்தன என்று நினைத்தால்தான் மனசு ஆறுவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை இலவசம். நம் மாவட்டத்துக்கு 2022 ஜனவரியிலிருந்து விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை இத்தனை வருடமாகக் குடிநோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தையும் சேர்த்தே பார்த்துவருகிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போக ஒரு பைசா வேண்டாம். இதில் எதற்கும் இன்சூரன்ஸ் கார்டு தேவையில்லை. இவ்வளவையும் தாண்டி ஒரு பொய்யான அட்மிஷனுக்கு அவரைக் கூட்டிப் போனேன்.

படிக்கிறவர்களுக்கு, முக்கியமாக எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு, நான் கேட்டுக்கொள்வது இதுதான். பாலிசிப் பத்திரத்தோடு விண்ணப்பப் படிவத்தின் நகல் உங்களுக்கு வந்திருக்கும். எடுத்துப் பாருங்கள். குடி, புகை பற்றிய கேள்விக்கு ஏஜென்ட் என்ன எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். தவறாக இருந்தால் யாரும் கேட்பதற்கு முன்னால் நீங்களே கம்பெனிக்கு எழுதுங்கள். நியாயமில்லாமல் க்ளெய்மை மறுத்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அங்கே புகார் செய்யக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வழி தேடுகிறவர்கள் 14446 என்ற எண்ணுக்கோ, 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கோ, 104க்கோ பேசுங்கள். தினமும் குடிக்கிறவரை வீட்டில் பூட்டி வைத்தும் கோயிலில் சத்தியம் வாங்கியும் ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள், மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். வேறு எந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்த்தாலும், எவ்வளவு குடிப்பார், எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்ல வேண்டாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும், அவர் உங்கள் சொந்தத் தம்பியாகவே இருந்தாலும், கேட்காதீர்கள்.